காலியாகத் திரும்பிய பாட்டில்

பெயிண்டர் அந்த மருத்துவமனைக்கு வைத்திருந்த பாக்கி பன்னிரண்டு ரூபாய் ஐம்பது காசு. ஐம்பது காசைக்கூட விடாமல் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள்.

பாக்கி வந்த வழியை முதலில் சொல்லிவிட வேண்டும். பெயிண்டர் ஏணி உச்சியில் நின்று, கீழே போகிறவர்களை எல்லாம் வம்புக்கு இழுத்துக்கொண்டே சுவர் அடித்து முடிக்கிற ஆள். அப்படிப்பட்டவருக்கு ஒன்றுக்குப் போவது பெரும்பாடாகி, புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்து, மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை கொஞ்ச காலம் ஒழுங்காக வேலைக்கு வந்தது. அப்புறம் மட்டம் போட ஆரம்பித்தது. இடுப்பில் வலி இறங்கியது. ஏணி போய், ஸ்டூல் போய், கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தபடி பக்கத்து வீட்டு இரும்புக் கதவுக்குக் கீழ்ப்பாதி மட்டும் அடித்துக் கொடுத்தார். "மேல்பாதிக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க. நான் கீழ்மட்ட ஸ்பெஷலிஸ்ட்" என்று அதற்கும் ஒரு பேச்சு.

டாக்டர் ரத்தம், சிறுநீர், எலும்பு ஸ்கேன் மூன்றையும் எழுதினார். "ரிசல்ட்டைக் கையில கொண்டு வாங்கம்மா. எலும்புக்குப் போயிருந்தா மாத்திரை பத்தாது, ஊசி ஆரம்பிக்கணும். தள்ளிப்போடக் கூடாது" என்று பெயிண்டரின் மனைவியிடம் சொன்னார். அவள் கட்டட வேலையில் கலவை போடுகிறவள். மேஸ்திரி முதல் லாரி டிரைவர் வரை எல்லோருக்கும் அவள் கலவைக்காரிதான்.

சிறுநீருக்கு என்று ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கொடுத்துக் கழிப்பறையைக் காட்டினார்கள். உள்ளே போன பெயிண்டர் வெளியே வரவில்லை. கலவைக்காரி கதவைத் தட்டினாள்.

"என்னங்க, குழாயைத் திறந்து விடுங்க. தண்ணிச் சத்தம் கேட்டா வரும்."

"திறந்துதான் இருக்கு. குழாய்க்கு வருது, எனக்கு வரல."

அதற்குள் பரிசோதனைக்கூட உதவியாளர் வந்தார். கொடுத்த பாட்டிலை உரிய நேரத்தில் நிரப்பாவிட்டால் அது காலாவதி என்று சொல்லி, காய்ந்த பாட்டிலைத் திருப்பி வாங்கிக்கொண்டு இன்னொன்றைக் கொடுத்தார். அந்த இரண்டாவது பாட்டிலில்தான் பெயிண்டர் கண்ணில் தண்ணீர் வர, நாலு ஸ்பூன் அளவுக்குச் சேர்த்து நீட்டினார். காலியாகத் திரும்பிய முதல் பாட்டில் அவர் கணக்கில் ஏறியது. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னால் நோயாளிக்கு மனவேதனை உண்டாகும் என்று விதி இருந்தது.

ரிசல்ட் வாங்குகிற அன்று கலவைக்காரி அரைநாள் கூலியை விட்டுவிட்டுச் சன்னல் முன் வந்து நின்றாள்.

"ரிசல்ட் வந்துடுச்சா சார்?"

"வந்துடுச்சே" என்றார் சன்னல்காரர், தானே பெற்றெடுத்தது மாதிரி. "போன வாரமே வந்துடுச்சு."

"குடுங்க."

"குடுக்க முடியாது. பாக்கி இருக்கு." கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். திரையில் ஒரு மஞ்சள் பூட்டு. பூட்டுக்குக் கீழே பன்னிரண்டு ஐம்பது.

எதற்கு என்று கேட்டாள். பாட்டிலுக்கு என்றார். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எண்ணி வைத்தாள். சன்னல்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பணத்தைத் தொடுவது காசாளர் வேலை.

காசாளர் சில்லறையைப் பார்த்தார். தொடவில்லை. "நூறு ரூபாய்க்குக் குறைஞ்சு வாங்குறதில்லைம்மா" என்று தலைக்கு மேலே காட்டினார். அங்கே பெரிய எழுத்தில், சிறு தொகை கேட்டு நோயாளிகளைச் சிரமப்படுத்த மாட்டோம் என்று எழுதியிருந்தது.

அவள் எழுத்துக்கூட்டி முழுவதையும் படித்தாள். "சரி சார். நூறாவே எடுத்துக்குங்க."

"பன்னிரண்டரைக்கு நூறு வாங்கினா அது லஞ்சம். இங்க அந்தப் பழக்கமே கிடையாது."

"அப்ப இன்னொரு டெஸ்ட்டைச் சேத்து நூறாக்கிடுங்க."

"பாக்கி இருக்கிறவருக்கு டெஸ்ட் போட முடியாதே."

"பாக்கியைக் கட்டவும் முடியாதுங்கறீங்க."

"அதெப்படி? கட்டித்தான் ஆகணும்" என்றார் காசாளர். அந்த விஷயத்தில் மட்டும் அவரிடம் இரக்கமே இல்லை.

டாக்டரிடம் ஓடினாள். அவர் தன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். அங்கேயும் மஞ்சள் பூட்டு. "இது திறக்காம ஊசி எழுத முடியாதும்மா. எனக்கும் தெரியுது, நாளாகுது. ஆனா என்கிட்டயும் சாவி இல்ல." அவர் மேசையில் காலையில் வாங்கி வைத்த டீ ஆடை படர்ந்து கிடந்தது. அந்த மனுஷன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை.

பாக்கி நிவாரண அதிகாரி என்று ஒருவர் இருந்தார். மெத்தை வைத்த நாற்காலி, மேசை மேல் கண்ணாடியில் செய்த ஒரு இதயம். கலவைக்காரியை உட்காரச் சொல்லிவிட்டு, அவள் உட்காருவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

"இந்த மருத்துவமனை பணம் இல்லைன்னு வந்த ஒருத்தரைக்கூடத் திருப்பி அனுப்பினதில்லைம்மா. பணத்தோட வர்றவங்களாலதான் எங்களுக்குத் தொந்தரவு. இவ்வளவு சின்னத் தொகையைக் கேட்டு ஒரு ஏழையை வதைக்கிறது பாவம். அதனாலதான் கேக்கறதே இல்ல, பூட்டிட்டு விட்டுடறோம். பூட்டு வாய் திறந்து கேக்காது பாருங்க. அதுல ஒரு கௌரவம் இருக்கு."

"பூட்டை எப்படி சார் திறக்கறது?"

"தள்ளுபடிதான்." அலமாரியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். "ஒரே ஒரு கையெழுத்து. இன்னிக்கே பூட்டு திறந்துடும், ரிசல்ட்டை வாரிசுகிட்ட குடுத்துடுவோம்."

வாரிசு என்ற சொல்லில் கலவைக்காரியின் கை நின்றது. படிவத்தின் தலைப்பைப் படித்தாள். அவள் எழுத்துப் படித்ததே தலை நரைத்த பிறகு, கட்டட முதலாளி கூலிச் சீட்டில் விளையாடுகிறான் என்று சந்தேகம் வந்த பிறகு. அதனால் எதையும் மெதுவாகத்தான் படிப்பாள். ஆனால் விடமாட்டாள். 'சிறு பாக்கி தள்ளுபடி, இறந்தோர் பிரிவு' என்று இருந்தது.

"சார், எங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்காரு."

"அதான் சிக்கல்" என்றார் அதிகாரி அனுதாபத்தோடு.

"உயிரோட இருக்கிறவங்களுக்குப் படிவம் இல்லையா?"

"அது இன்னும் அச்சுக்குப் போகல. கோரிக்கை வைக்கிறவங்க அச்சாகி வர்ற வரைக்கும் பெரும்பாலும் இருக்கிறதில்ல. அதனால தேவையும் எழல." குரலைத் தாழ்த்தினார். "பாருங்கம்மா, எல்லாரும் செய்யறதுதான். காகிதத்துலதானே. மனசுல நீங்க உயிரோடவே வெச்சுக்கலாம், அதுக்கு எங்க தரப்புல ஆட்சேபணை இல்ல."

"பன்னெண்டரை ரூபாய்க்கு எம் புருஷனைச் செத்துட்டாருன்னு எழுதச் சொல்றீங்க."

"தொகையைப் பாக்காதீங்க. மூணு ரூபாய்க்கெல்லாம் போயிருக்காங்க."

கலவைக்காரி படிவத்தைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினாள். தள்ளிய வேகத்தில் கண்ணாடி இதயம் உருண்டு ஓரத்துக்குப் போனது. அதிகாரி அதைப் பிடித்துத் துடைத்து வைத்துவிட்டு, கொஞ்சமும் கோபப்படாமல் சொன்னார். வெள்ளிக்கிழமை மருத்துவமனையில் கருணை நாள். கருணைத் தரச்சான்று கொடுக்க மேலிடத்திலிருந்து குழு வருகிறது. இயக்குநர் அன்று குறைகளை நேரில் கேட்பார். "வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க. நோயாளிங்க கொஞ்சப் பேராவது கண்ணுல பட்டாத்தான் பாக்கறவங்களுக்கு மருத்துவமனை மாதிரி தெரியும்."

வீட்டில் பெயிண்டர் இடுப்புக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். சிரித்தார். சிரித்தால் இடுப்பு வலித்தது. வலித்தாலும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

"கையெழுத்தைப் போட்டுட்டு வந்திருக்கலாமே. எனக்கும் ஒரு தொல்லை விட்டுது, உனக்கும் ரிசல்ட்டு கிடைச்சிருக்கும்."

"வாயைக் கழுவுங்க." அவள் பாத்திரத்தை அடுப்பில் வைத்த வேகத்தில் மூடி தரையில் சுற்றி ஓய்ந்தது. "உக்காந்து எழுதக் கத்துக்கிட்டது கூலியைச் சரி பாக்கறதுக்கு. உங்களை எழுதிக் குடுக்கறதுக்கு இல்ல."

பெயிண்டர் நகத்திலிருந்த காய்ந்த பெயிண்டைச் சுரண்டினார். "என்னவா இருக்கும்னு நினைக்கிற?"

"எதுவா வேணாலும் இருக்கட்டும். நல்லதோ கெட்டதோ, அது நம்மளோடது. அதைப் பூட்டி வெச்சுக்க அவங்க யாரு?"

வெள்ளிக்கிழமை மருத்துவமனையை அடையாளம் தெரியவில்லை. கழிப்பறை வாசலில் பூந்தொட்டி இருந்தது. சன்னல்காரர் உட்பட எல்லா ஊழியர்களும் நெஞ்சில் 'நான் கேட்கிறேன்' என்ற அட்டையைக் குத்திக்கொண்டிருந்தார்கள். கூட்ட மண்டபத்துக்கு எந்த வழி என்று கலவைக்காரி கேட்டபோது மூன்று பேர் கண்ணீர் மல்கக் கேட்டுக்கொண்டார்கள். வழி சொல்லவில்லை. அதற்கான அட்டை வேறு ஆளிடம் இருந்தது.

பெயிண்டரை அவள் தோளில் தாங்கி முன்வரிசை ஓரத்தில் உட்கார வைத்தாள். மேடையில் இயக்குநர், நிவாரண அதிகாரி, தரச்சான்றுக் குழுவின் தலைவி. தலைவி மடியில் ஒரு மதிப்பெண் அட்டை. பின்வரிசையில் டாக்டர் கட்டாயத்தின்பேரில் உட்கார்ந்திருந்தார்.

இயக்குநர் எழுந்தார்.

"கருணை என்பது செலவு பிடிக்கும் காரியம் என்று ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. சென்ற ஆண்டில் நாம் மருந்துக்கு ஒதுக்கியதைவிடக் கருணைப் பயிற்சிக்கு அதிகம் ஒதுக்கினோம். பலன் என்ன? மருந்து இல்லை என்று இன்று நம் ஊழியர்கள் சொல்லும்போது, அதைக் கேட்பவர் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். இன்னொரு சாதனை. இன்று காலை நிலவரப்படி இந்த மருத்துவமனையில் சிறு பாக்கி என்பது பூஜ்யம். அத்தனையும் தள்ளுபடி. தள்ளுபடியைப் பெற்ற அமரர்களுக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்."

அதிகாரி பட்டியலைப் படித்தார். நோயாளிகளின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்பதால் பெயர் இல்லை, எண்கள்தான். மண்டபம் எழுந்து நின்றது. எண் எண்ணாக வாசித்துக்கொண்டு போனவர், "நானூற்றுப் பன்னிரண்டு" என்றார்.

பெயிண்டர் மனைவியின் முழங்கையைத் தொட்டார். "நம்ம சீட்டு நம்பர்."

அவளுக்கும் கேட்டது. கையெழுத்துப் போடாமல் தள்ளிவிட்டு வந்த படிவத்தில், 'உறவினர் துக்கத்தில் இருப்பதால் கையெழுத்து பெறப்படவில்லை' என்று எழுதி அதிகாரியே முடித்துவிட்டிருந்தார். பெயிண்டர் நாற்காலியின் கையைப் பிடித்து எழ ஆரம்பித்தார்.

"நீங்க எதுக்கு எந்திரிக்கிறீங்க? வலிக்கும்."

"எனக்காக இத்தனை பேர் நிக்கிறாங்க. நான் மட்டும் உக்காந்திருந்தா நல்லாவா இருக்கு?"

பல்லைக் கடித்து நிமிர்ந்து நின்றார். நின்ற வலியில் ஒரு முனகல் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற உதவியாளர் திரும்பி, "செத்தவங்களுக்குக் கொஞ்சம் மரியாதை குடுங்க" என்றார் ரகசியமாக.

"சரிங்க" என்றார் பெயிண்டர்.

நிமிடம் முடிந்ததும் வாரிசுகளை மேடைக்கு அழைத்தார்கள். மேசையில் ரிசல்ட் உறைகள் அடுக்கியிருந்தன. இயக்குநர் ஒவ்வொன்றாகக் கொடுத்தார், புகைப்படக்காரர் படம் பிடித்தார். நானூற்றுப் பன்னிரண்டின் வாரிசு என்றதும் கலவைக்காரி ஏறினாள். உறை கைக்கு வருகிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கூலி வாங்குகிற இடத்தில் கற்ற பாடம்.

"உங்கள் இழப்பில் பங்கு கொள்கிறோம்" என்று இயக்குநர் உறையை நீட்டினார்.

அவள் வாங்கி இடுப்பில் செருகி, முந்தானையை இழுத்து இறுக்கினாள். அப்புறம் மைக் பக்கம் திரும்பினாள்.

"நீங்க செத்துட்டாருன்னு படிச்ச நானூத்துப் பன்னெண்டு அதோ முன்னாடி நிக்கிறாரு. எம் புருஷன். பெயிண்டர். என்னங்க, கையைத் தூக்குங்க."

பெயிண்டர் கையைத் தூக்கினார். குழுத் தலைவி கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பெயிண்டரையும் பட்டியலையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனால் இயக்குநர் சும்மா இயக்குநர் ஆனவர் இல்லை. ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"இதைத்தான் நான் சொல்ல வந்தேன். காலையில் இறந்தவர். இப்போது நிற்கிறார். இந்த மருத்துவமனையின் வரலாற்றில் இறந்த பிறகு எழுந்து நின்ற முதல் நோயாளி இவர்தான். இறப்பதற்கு முன்பே எழுந்து நின்றவர்கள்கூட இங்கே குறைவு. பலத்த கைதட்டல் கொடுப்போம்."

கைதட்டல் எழுந்தது. தலைவி மதிப்பெண் அட்டையைப் புரட்டினார். "உயிர் மீட்பு எந்தத் தலைப்பில் வரும்?"

"கூடுதல் சேவைகள்" என்றார் அதிகாரி. ஆனால் முகம் வெளுத்து இயக்குநரின் காதுக்குப் போனார். காதில் சொன்னது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. "சார், இவரு உயிரோட இருந்தா பன்னிரண்டு ஐம்பது திரும்ப வந்துடும். பூஜ்யம் போயிடும்."

இயக்குநர் கலவைக்காரியிடம் குனிந்தார். குரலில் பயிற்சி பெற்ற கருணை முழுவதும் இறங்கியிருந்தது. "அம்மா, ஒரு சின்ன உதவி. சாயங்காலம் வரைக்கும் மட்டும் அவர் இறந்தவராவே இருக்கட்டுமே. குழு போனதும் எழுப்பிடலாம். காசும் மிச்சம் உங்களுக்கு."

"ஒரு நிமிஷம் இருந்தாச்சு. அதுவே ஜாஸ்தி." அவள் மைக்கை விடவில்லை. "உங்க தள்ளுபடி எனக்கு வேணாம். அந்தப் பாக்கியைத் திரும்ப எழுதுங்க. எம் புருஷன் கடன்காரனாவே இருக்கட்டும். உயிரோட இருக்கிறவன்தான் கடன் வைப்பான். எழுதிக் கையெழுத்துப் போடுங்க, அந்தம்மா பாக்கட்டும்."

தலைவி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். உயிர் மீட்புக்கு எத்தனை மதிப்பெண் என்று விரலால் காட்டினார். அது பூஜ்யப் பாக்கிக்குக் கிடைப்பதைவிட அதிகம். இயக்குநர் அந்த இடத்திலேயே உயிர் மீட்பு ஆணை எழுதிக் கையெழுத்துப் போட்டார். கீழே, 'பாக்கியும் மீட்கப்படுகிறது' என்று அதிகாரி சேர்த்தார்.

மேடையிலிருந்து இறங்கியவள் நேராகப் பின்வரிசைக்குப் போய் உறையை டாக்டரிடம் கொடுத்தாள். பெயிண்டரும் நாற்காலி நாற்காலியாகப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். டாக்டர் படித்தார். இரண்டாவது தடவை படித்தார். அவர் நெஞ்சிலும் 'நான் கேட்கிறேன்' அட்டை இருந்தது. அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"ரத்தத்துல புற்றுநோயைக் காட்டுற அளவு ஏறியிருக்கு. நிறையவே ஏறியிருக்கு. இடுப்பெலும்புல இருக்கு, ரெண்டு விலா எலும்புலயும் இருக்கு. முழுசா குணமாக்க முடியும்னு பொய் சொல்ல மாட்டேன். ஊசி போட்டா வலி குறையும், நாள் கிடைக்கும். எவ்வளவுன்னு கேட்டா எனக்குத் தெரியாது."

கலவைக்காரி பெயிண்டரைப் பார்க்கவில்லை. அவர் கையை மட்டும் பிடித்தாள். சிமென்ட் தின்ற அவள் விரலும் பெயிண்ட் ஊறிய அவர் விரலும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன.

"அப்ப இவங்க கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க, அவ்வளவுதான்" என்றார் பெயிண்டர்.

"அவசரம் அவங்களுக்கு. நமக்கு இல்ல." அவள் டாக்டரிடம் திரும்பினாள். "ஊசியைத் தள்ளிப்போடக் கூடாதுன்னு சொன்னீங்களே சார்."

"இன்னிக்கே. பூட்டு திறந்திருக்கு, மறுபடி விழறதுக்குள்ள எழுதிடறேன்" என்று டாக்டர் போனிலேயே எழுதினார். "பதிவுக் கட்டணம் மட்டும் கட்டிட்டு வாங்க."

பதிவுக் கட்டணம் எண்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு. காசாளர் அதைப் பார்த்ததும் வழக்கம்போலத் தலையை ஆட்ட ஆரம்பித்தார். நூறுக்குக் குறைவு. ஆட்டிக்கொண்டிருக்கும்போதே திரையில் மீட்கப்பட்ட பாக்கி வந்து ஒட்டிக்கொண்டது. மொத்தம் சரியாக நூறு. காசாளரின் தலை பாதியில் நின்றது. அப்புறம் மேலும் கீழுமாக ஆடியது.

கலவைக்காரி நோட்டைப் பெயிண்டர் கையில் கொடுத்தாள். "நீங்களே கட்டுங்க."

அவர் கட்டினார். ரசீது வந்தது. பாக்கி இல்லை என்று ஊதா மையில் முத்திரை விழுந்தது. கலவைக்காரி நகரவில்லை.

"இன்னும் என்னம்மா?"

"பாட்டில். ரெண்டுக்குக் காசு வாங்கியிருக்கீங்க, ஒண்ணுதான் எங்களுக்கு ஆச்சு. இன்னொண்ணைக் குடுங்க."

காசாளர் ரசீதைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கடைசியில் உள்ளேயிருந்து ஒரு புது பாட்டிலை வரவழைத்துக் கொடுத்தார். அதைக் கையில் வாங்கிப் பார்த்த பெயிண்டரின் முகம் மாறியது.

"வர்ற மாதிரி இருக்கு" என்றார்.

பூந்தொட்டியைத் தாண்டி உள்ளே போனார். அவள் வாசலிலிருந்த கைகழுவும் குழாயைத் திறந்து விட்டுவிட்டுக் கதவோடு காதை வைத்து நின்றாள். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. நின்றது. யோசித்தது. பிறகு மெல்லியதாக ஒரு ஓசை பிளாஸ்டிக்கில் விழுந்தது. கலவைக்காரி குழாயை மூடினாள். அது இல்லாமலே ஓசை தொடர்ந்து கேட்டது.

கதவைத் திறந்து பெயிண்டர் பாட்டிலை உயர்த்திக் காட்டினார். ஒரு விரற்கடை இருந்தது. "இதை அந்த இயக்குநர்கிட்ட குடுத்துடு. கூடுதல் சேவைக்கு."

"வாங்க நேரமாச்சு" என்றாள் அவள். சிரிப்பை ஊசி போட்ட பிறகு சிரித்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டாள்.

ஊசி அறையில் நர்ஸ் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பெயிண்டரைப் பார்த்தாள். மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"அக்கா, இவரு இறந்துட்டதா காட்டுதே."

கலவைக்காரி ரசீதை மேசையில் வைத்து, முத்திரை மேலே தெரிகிற மாதிரி உள்ளங்கையால் நீவி விட்டாள்.

"இன்னிக்குத் தேதி. அவரே தன் கையால கட்டினது. பாக்கி இல்ல. ஊசியைப் போடுங்க."